தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் வார்டு

பெங்களூர் என்றால் நமக்கு லால்பாக்கும் விதான சௌதாவும்தான் ஞாபகம் வரும். ஓசூர் ரோட்டிலுள்ள 'நிம்ஹான்ஸ்' மனநல மருத்துவமனையை யாரும் பார்க்கப் போவதில்லை. பிள்ளை பெற்று ஒன்றரை மாதமான என் அக்கா மகளுக்காக நாங்கள் போனோம்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியாச்சே!" என்று அக்காவுக்கு ஒரே நடுக்கம். உள்ளே போனால் மரநிழல், அமைதி. 2009-ல் இங்கே தாய்-சேய்க்கென்றே ஐந்து படுக்கைகளோடு தனி வார்டு தொடங்கினார்கள். இந்தியாவில் இதுதான் முதல். தாயைச் சேர்த்தாலும் குழந்தையைப் பிரிப்பதில்லை. துணைக்கு வீட்டுப் பெண் ஒருத்தியும் தங்கலாம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிரசவமான சில நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடுமாம். அதற்குமேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராவிட்டால், "நான் நல்ல அம்மாவே இல்லை" என்று புலம்பினால், அது நோய். திமிருமில்லை, பேய் பிடித்ததுமில்லை. பேசியே குணப்படுத்தும் சிகிச்சை உண்டு. பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும், தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

எங்கள் பெண்ணைச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மாத்திரையோடு, ராத்திரியில் குழந்தையை நாங்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம். மெல்ல மெல்லத் தேறினாள்.

எல்லோரும் பெங்களூர் போக வேண்டாம், சகோதரிகளே! 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம். பிரசவ லேகியமும் பூண்டுக் குழம்பும் கொடுக்கிற நாம், "மனசு எப்படிம்மா இருக்கு?" என்றும் கேட்போமே!