கடல் இருந்த ஊரில் ஒரு நாள்... மயிலூற்று முதல் கரைவெட்டி வரை பெரம்பலூர் - அரியலூர் ட்ரிப்!

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்களில் பலர் பெரம்பலூரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். விழித்திருந்தாலும் ஜன்னல் வழியே தெரிவது மக்காச்சோளக் கொல்லை, பருத்தி, சின்ன வெங்காயம், தூரத்தில் ஒரு மலை. பக்கத்து மாவட்டமான அரியலூர் என்றாலோ சிமென்ட் லாரிகள்தான் நினைவுக்கு வரும். 'லீவுக்கு எங்கே போகலாம்?' என்று பேச்சு வரும்போது இந்த இரண்டு ஊர்களின் பெயரும் யார் வாயிலும் வருவதில்லை.

ஆனால், புவியியல் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊட்டத்தூர், காரை, சாத்தனூர், கல்லமேடு என்று இங்குள்ள கிராமங்களைக் கடகடவெனச் சொல்வார்கள்.

காரணம், கடல். இந்திய நிலப்பகுதி அண்டார்டிகாவை ஒட்டிய பெருநிலத்திலிருந்து பிரிந்து நகரத் தொடங்கியபோது காவிரிப் படுகை உருவானது. தாழ்ந்த அந்தப் பகுதிக்குள் சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் புகுந்தது. பல கோடி ஆண்டுகள் முன்னும் பின்னுமாக நகர்ந்து, கடைசியில் கிழக்கே விலகிப் போனது. இன்றைய கடற்கரை சாத்தனூரிலிருந்து சுமார் 100 கி.மீ தள்ளி இருக்கிறது. கடல் விட்டுச்சென்ற சேறு, மணல், கிளிஞ்சல்தான் இன்று அந்த மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அடியில் கிடக்கிறது.

1850-களின் கடைசியில் இந்தப் பாறைகளை முறையாக ஆய்வு செய்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரானவரும் இவர்தான். பாறை அடுக்குகளை மூன்றாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அந்தந்த ஊர்களின் பெயரையே வைத்தார். இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் அதே பெயர்கள்தான்.

ட்ரிப்பை மேற்கிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. பெரம்பலூருக்கு மேற்கே, லாடபுரத்தை ஒட்டி பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது மயிலூற்று அருவி. குற்றாலம் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். மழை பெய்தால்தான் தண்ணீர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போனால் பாறையில் வழிந்து இறங்கும் அருவியில் குளிக்கலாம். மார்ச்சில் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பாசி வழுக்கும், குழந்தைகள் மீது ஒரு கண் இருக்கட்டும். இந்தக் கரும்பாறை, அந்தக் கடலைவிடப் பல மடங்கு பழையது. கிழக்கே கடல் அலையடித்த காலத்தில் இந்தப் பக்கம் கரையாக இருந்தது. அதாவது, அருவியில் நனைந்துவிட்டு கிழக்கே வண்டியைத் திருப்பினால், கரையிலிருந்து கடலுக்குள் இறங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

தேசிய நெடுஞ்சாலையில் பாடாலூரில் பிரிந்து கிழக்கே போனால் காரை வருகிறது. இந்த ட்ரிப்பில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே தரை திடீரென்று கிழிந்துபோன மாதிரி இருக்கும். மழைநீர் அரித்து அரித்து உண்டான ஓடைகளும், செடிகொடி அதிகம் இல்லாத மண்மேடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பழைய இந்திப் படங்களில் கொள்ளைக்காரர்கள் குதிரையில் வரும் சம்பல் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சின்னத் தம்பி இது.

குனிந்து பார்த்தால்தான் விஷயம். வெயிலில் மின்னும் கண்ணாடித் துண்டு போலக் கிடப்பது ஜிப்சம். துப்பாக்கித் தோட்டா போல ஒரு முனை கூராக இருக்கும் கல், பெலெம்னைட். கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த பகுதி. நத்தை போலச் சுருண்டிருந்தால் அம்மோனைட். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் இதே இனக் கல்லைத்தான் நம் வீடுகளில் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கிறார்கள். டைனோசர்கள் மறைந்த அதே காலகட்டத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவையும் மறைந்துபோயின.

இங்கே நிழல் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் பாட்டில் அவசியம். மழை பெய்த மறுநாள் வேண்டாம். களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

அடுத்து சாத்தனூர் கல்மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம், ஓர் ஓடையில் படுத்த நிலையில் கிடக்கிறது. 1940-ல் இதை அடையாளம் கண்டவர் எம்.எஸ்.கிருஷ்ணன், பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். பூக்கும் தாவரங்கள் பெருகிப் பரவுவதற்கு முந்தைய, ஊசியிலை மரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். கரையில் நின்ற மரம் ஆற்றோடு அடித்துவரப்பட்டு, கடலடி மணலில் புதைந்திருக்கிறது. காற்றுப் படாததால் மட்கவில்லை. மணலில் ஊறிய தண்ணீரில் இருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு நுண்ணிய இடைவெளியிலும் புகுந்து படிந்து, மெல்ல மெல்ல மொத்த மரத்தையும் கல்லாக்கிவிட்டது. இன்று இது தேசியப் புவியியல் சின்னம். சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். வரகூர், ஆனைப்பாடி, சாரதாமங்கலம் பக்கங்களிலும் கல்மரத் துண்டுகள் உண்டு. அவற்றுக்கு வேலி இல்லை.

இந்த ஊர்களில் எதைத் தோண்டினாலும் ஏதாவது வரும். 2020-ல் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, 'டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கடல் படிவுகள் உருண்டுகூடிய கற்கள் என்று விளக்கிய பிறகே பரபரப்பு அடங்கியது. முட்டை இல்லை என்று ஏமாந்தவர்களுக்குத் தெரியாத ஒரு கதை, அரியலூர் அருகே கல்லமேட்டில் இருக்கிறது.

அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1980-களின் பிற்பகுதியில் இரண்டு இந்திய ஆய்வாளர்கள் ஒரு புதிய டைனோசரை அறிவித்தார்கள். பெயர், புரூஹத்காயோசாரஸ். 'பேருடல் கொண்டது' என்று பொருள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர், ஓர் ஆளைவிட உயரம். உலகில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இது இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. விவாதம் முடியாததற்குக் காரணம், எலும்புகள் இப்போது இல்லை. மழையும் களிமண்ணும் சேர்ந்து பலவீனமாக்கியிருந்த எலும்புகள் பொடிந்துபோயின. பழைய போட்டோக்களும் வரைபடங்களும் மட்டும் மிச்சம். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே வந்த சில ஆண்டுகளில் போய்விட்டது.

மழை மட்டுமே காரணமென்றால் விதி என்று விட்டுவிடலாம். அரியலூரின் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் சேர்ந்து உருவானது. அதை வெட்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. புதிய வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கும்போது, யாருக்குத் தெரியும், ஏதோ ஒரு சிப்பியின் மிச்சத்தில் அடிக்கிறோமோ என்னவோ. இதில் ஒரு சிக்கல் உண்டு. பூமிக்கடியில் இருக்கும் பல படிவங்கள் வெளிச்சத்துக்கு வருவதே சுரங்கம் தோண்டுவதால்தான். அதே சுரங்கத்தின் ஜேசிபி-தான் அவற்றை நொறுக்கவும் செய்கிறது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழிலை மூடச் சொல்ல முடியாது. ஆனால், புதிதாக வெட்டும் இடத்தில் ஓர் ஆய்வாளர் பார்த்த பிறகு லோடு ஏற்றலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்புதானே? புவியியல் பாரம்பர்ய இடங்களைப் பாதுகாக்க 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. காரை போன்ற இடங்களுக்கு அப்படியொரு சட்டம் மிகவும் அவசியம்.

மூன்றாவது எதிரி, பாவம், நம் பாக்கெட்தான். காரைக்குப் போகிற ஒவ்வொருவரும் 'ஒண்ணே ஒண்ணு' என்று எடுத்துவந்தால் என்ன மிஞ்சும்? எடுத்த இடமும் பாறை அடுக்கும் தெரியாத அம்மோனைட், ஷோகேஸில் இன்னொரு பொம்மை, அவ்வளவே. போட்டோ எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம் வையுங்கள், லொகேஷனைச் சேமித்துக்கொண்டு கல்லை அங்கேயே விடுங்கள். பெரிதாக ஏதாவது கண்ணில் பட்டால் வருவாய்த் துறையினரிடம் சொல்லலாம். கையில் எடுத்துப் பார்த்த திருப்தி வேண்டுமென்றால், அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருந்தாலும் எது என்ன என்று பெயரோடு பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இங்கே பார்த்துவிட்டுக் காரைக்குப் போனால், தரையில் கிடப்பதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

மாலைக்கு கரைவெட்டி. தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 35 கி.மீ, அரியலூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் பெரிய ஏரி. 450 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. 1999-ல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. மேட்டூர் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து ஏரி நிரம்பினால் நவம்பரிலிருந்து பறவைகள் வரத் தொடங்கும். இங்கே ஸ்டார், வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. பறவைகள் எல்லாமே டைனோசர் வம்சம் என்பது அறிவியல் ஏற்றுக்கொண்ட உண்மை. அந்த வகையில், காலையில் கல்லாகப் பார்த்த காலத்தின் வாரிசுகளை மாலையில் நீங்கள் உயிரோடு பார்க்கிறீர்கள்.

அருவியும் பறவையும் ஒரே நாளில் வேண்டுமென்றால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் கிளம்புங்கள். கிராமங்களுக்கு பஸ் குறைவு. பைக்கோ காரோ இருந்தால் அலைச்சல் மிச்சம். காரை, சாத்தனூர் பக்கம் ஹோட்டல்களை நம்ப வேண்டாம், பெரம்பலூரிலேயே சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் மறக்காமல் எடுத்துவையுங்கள். கரைவெட்டியில் வாத்துகள் ஏரியின் நடுவில்தான் இருக்கும்.