வேலிக்காத்தானுக்குள் ஒரு பென்ஸ் லாரி

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கூப்பிட்டார். “பழைய பென்ஸ் வண்டி ஒண்ணு வாங்கியிருக்கேனுங்க. எங்க மேஸ்திரி நாளைக்கு அதை வெளிய எடுக்கறாரு, வந்து பாருங்க.”

வண்டியை விற்ற விவசாயியின் கிணற்று மேட்டை ஒட்டி வேலிக்காத்தான் புதர். உள்ளே நீண்ட மூக்கு, அதில் துருவேறிய மூன்று முனை நட்சத்திரம். 1954இல் டாட்டாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கின. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் ‘டி’ வந்தது. இந்த வண்டி அதற்கு முந்தையது.

டிராக்டர் தயாராக நின்றது. மேஸ்திரி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேஸின் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொடைப் பருமனில் ஒரு மரம் முளைத்து மேலேறியிருந்தது. அப்படியே இழுத்திருந்தால் குறுக்குச் சட்டம் முறிந்திருக்கும். துண்டு துண்டாக அறுத்து உருவினார்கள். புதைந்த சக்கரங்களுக்கு முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டிப் பலகை போட்டார்கள்.

பிறகுதான் சுத்தியல் வந்தது. ஜாக்கியில் ஏற்றிய பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைச் சுற்றிலும் மெல்லத் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். “லைனிங் ஒட்டின பக்கம் சத்தம் செத்துப் போயிருக்கும் கண்ணு.” எனக்கும் கேட்டது: மூன்று இடத்தில் மணிபோல் கணீரென்றது, நான்காவதில் ‘டொப்’. அங்கே டீசலை விட்டுக் காத்திருந்தார், மறுபடி தட்டினார். போல்ட்டுகளுக்கு நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது சக்கரம் ஒரு விரல்கடை நகர்ந்தது. நாலு சக்கரத்துக்கும் இதே பாடு. மதியம் போய்விட்டது.

பதினோரு வயதில் இதே மாதிரி வண்டியில் கிளீனராக ஏறியவர் அவர். மலை ஏற்றத்தில் லாரி திணறினால் குதித்துப் பின்னால் ஓடி, சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவர் வேலை. “ஒரு நிமிசம் தாமசமானா வண்டியும் போச்சு, நானும் போனேன்.”

இவருக்குத் தினக்கூலி. இதே வண்டியை எடைக்குக் கேட்டு முதலில் வந்த தரகருக்கோ, கேஸ் கட்டரால் அறுக்க ஒரு பகல் போதும். விவசாயிக்குக் கிலோ கணக்கில் இரும்பு விலை கொடுத்துவிட்டு, நட்சத்திரத்தையும் ஸ்டியரிங்கையும் தனியே கழற்றி, பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் பல மடங்குக்கு விற்பார். தடுக்கச் சட்டமும் இல்லை. 2021இல் வந்த பழமை வாகன விதி, ஐம்பது ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான். அதுவும் சொந்த உபயோகத்துக்கு. ஊருக்கே நெல்லும் சிமென்டும் சுமந்த லாரிக்கு அதில் இடமில்லை. கார் வைத்திருந்தவரின் நினைவு மட்டும்தான் பாரம்பரியமா?

எஞ்சினை அன்று தொடவில்லை. ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, துளை வழியே எண்ணெய் விட்டு, பட்டறையில் பல நாள் ஊறவைப்பார்களாம்.

சாயங்காலம் டிராக்டரைக் கூப்பிட்டார்கள். சேஸின் இரண்டு சட்டங்களின் முன்முனையிலும் சங்கிலி கட்ட, அது மெதுவாக இழுத்தது. லாரி முனகியது, அசைந்தது, பலகை மேல் ஏறியது. எல்லோரும் முன்னால் ஓடினோம். மேஸ்திரி மட்டும் பின்னால், கையில் கட்டையோடு, பின்சக்கரத்தை ஒட்டியே நடந்து வந்துகொண்டிருந்தார்.