வைரம்

தமிழில் வைரம் என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு: கல், முதிர்ந்த மரத்தின் இறுகிய நடுப்பாகம், மனத்தில் தங்கிவிட்ட பகை. உத்தமபாளையத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் மூன்றையும் ஒருசேரப் பார்க்க நேர்ந்தது.

பெரியவரிடம் அவருடைய தகப்பனார் விட்டுப்போன கார்பொரண்டம் கல் இருந்தது. நடுவில் குழிந்து, தோணி மாதிரி. இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நம் சாணைக்காரர்கள் குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் சேர்த்துச் சக்கரம் செய்தார்கள். அந்தக் குருந்தம்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் ஆயிற்று. 1890களில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் உலையில் ஒரு புதுப் பொருளைக் கண்டு, கரியும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்துக் கார்பொரண்டம் என்றார். குருந்தம் அதில் துளியும் இல்லை, சிலிக்கன் கார்பைடு. 1954ல் சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் தொடங்கியபோது நம் சொல் வேறு வேஷத்தில் ஊர் திரும்பிற்று. நம் இலக்கியக் கொள்கைகள் சிலவும் இப்படி வந்து சேர்ந்தவைதான். அது வேறு விஷயம்.

மகன் கொண்டுவந்தது டைமண்ட் பிளேட். எஃகுத் தகட்டின்மேல் செயற்கை வைரப்பொடி. நிக்கல் முலாம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. முரட்டுத் தகட்டில் பொடி 45 மைக்ரான், நைசில் 9. எண்ணெய் வேண்டாம், தண்ணீர் போதும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் வைரம் முலாமிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மோட்டார் வேகமும் ஆகாது. சூடேறினால் வைரத்தின் கரியை இரும்பு கரைத்துக்கொள்கிறது. உலகத்திலேயே கெட்டியான பொருள் எஃகோடு கைவேகத்தில்தான் ஒத்துப்போகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

"சத்தம் சரியில்ல தம்பி" என்றார் பெரியவர். புதுத் தகடு அப்படித்தான் கரகரக்கும். ஆனால் இழைப்புளி அலகை அதில் தீட்டி வேங்கைக் கட்டையின் வைரத்தில் ஓட்டியபோது சுருள் அறுபடாமல் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் வங்கிக் கிளையில் நகைக்கடனுக்கு வரும் சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் இழுத்துப் பார்ப்பார். தமிழ் விமர்சனம் தனக்கென்று வரித்துக்கொண்ட கல்லும் இதுவே. மாற்றுச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பெயரின் முதலெழுத்தில் சின்னமனூரைச் சுமந்த சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' தொடங்கிச் செய்ய முயன்றது தீட்டுகல்லின் வேலை என்று எனக்குப் படுகிறது. அலசல் என்று அதற்குப் பெயர். தீட்டுகிற கல் தானும் தேயும். அவர் பத்திரிகையும் கைப்பணமும் தேய்ந்தன. தேயாத விமர்சகர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

டைமண்ட் பிளேட் குழிவதில்லை. அதனாலேயே குழிந்த கற்களைச் சமப்படுத்தவும் அதை உபயோகிக்கிறார்கள். மகன் அதைத்தான் செய்தான். அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூராவும் உட்கார்ந்து, பழைய கல்லை முரட்டுத் தகட்டில் தேய்த்துத் தேய்த்துக் குழியை எடுத்துவிட்டான். இரண்டு தலைமுறை உளிகள் போய்வந்த குழி சாம்பல் நிறச் சேறாகச் சாக்கடையில் போயிற்று.

அதற்கப்புறம் பெரியவர் மகனிடம் பேசவில்லை. மாசக்கணக்காகிறது. சாப்பாட்டுத் தூக்கைப் பேரன்தான் கொண்டுவந்து வைக்கிறான். கல் இப்போது கண்ணாடி மாதிரி சமமாயிருக்கிறது. அதில் தீட்டிய உளி முன்னைவிட நேராகவே வெட்டுகிறது. அதையும் அவர் என்னிடம்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி.