பிரவுனௌவில் ஒரு பதிப்பாளர்

ஜேர்மனியின் சிம்பாக் நகரிலிருந்து இன் நதிப் பாலத்தை நடந்து கடந்தால் மறுகரையில் ஒஸ்ரியாவின் பிரவுனௌ. ஊரின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் விசாரிப்பது ஒரு வீட்டைத்தான். 1889 இல் ஹிட்லர் பிறந்த வீடு அது. அவருக்கு மூன்று வயதானபோதே குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. வாசலில் 1989 இல் நாட்டப்பட்ட நினைவுக்கல், மௌதவுசன் வதைமுகாமின் கல்லுடைக்கும் இடத்திலிருந்து வந்தது. அதில் அவரது பெயர் இல்லை. நல்லது.

நான் தேடிச் சென்றது யோகான் பிலிப் பாம் என்பவரை. நியூரம்பேர்க் நகரப் புத்தக வியாபாரி. நெப்போலியனின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து, எழுதியவர் பெயரின்றி வந்த பிரசுரம் ஒன்றை வெளியிட்டதற்காக, 1806 ஓகஸ்ட் 26 ஆம் திகதி பிரெஞ்சுப் படையினர் இங்கே அவரைச் சுட்டுக் கொன்றனர். எழுதியவர் யாரென்பதைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

இதே பாமைத் தமது நூலின் தொடக்கத்திலேயே போற்றியவர் ஹிட்லர். 1933 இல் ஆட்சிக்கு வந்ததும் பத்திரிகைகளின் வாயைக் கட்டியவரும் அவரே.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன் நான். 'இதை உனக்குச் சொன்னது யார்?' என்ற கேள்வி எந்தத் தொனியில் வரும் என்பதை அறிவேன். பூங்காவில் பாமின் சிலை முன்பாகச் சற்று நேரம் கூடுதலாகவே நின்றேன். வேறு எவரும் அங்கு வரவில்லை.