சுழியோடியும் சக்கர நாற்காலியும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் வாழ்வு தென்னையையும் கடலையும் பெரிதும் நம்பியது. ஒன்றில் மனிதன் உயர ஏறுகிறான். மற்றதில் ஆழ இறங்குகிறான். இரண்டிலும் அவன் பணயம் வைப்பனவற்றுள் ஒன்று முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாண்.

மரத்திலிருந்து வீழ்ந்தவனின் முண்ணாண் நசிவதை எவரும் எளிதில் உணர்வர். கற்பிட்டிக் கடலிற் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிக்கு நேர்வதோ கண்ணுக்குத் தெரிவதன்று. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்திற் சுவாசிக்கும் காற்றின் நைதரசன் உடலிழையங்களிற் கரைகிறது. அவன் விரைந்து மேலேறின், மூடி திறந்த சோடாப் போத்தலிற்போல அது குமிழிகளாக வெளிப்படும். அக்குமிழிகள் முண்ணாணைத் தாக்கின், புறக்காயம் ஏதுமின்றியே கால்கள் செயலிழக்கும். இடையிடையே தங்கி மேலேறும் முறையை ஹால்டேன் 1908ஆம் ஆண்டிலேயே அட்டவணையாக வகுத்தளித்தார். எனினும், பலமுறை மூழ்கினாலே கூலி என்ற நிலையில் அட்டவணையைப் பசி வென்றுவிடுகிறது. ஒட்சிசனும் அழுத்த அறைச் சிகிச்சையும் தாமதமின்றிக் கிடைப்பின் பலர் தேறுவர். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடவுங் கூடும்.

அதன்பின் என்ன? முன்னாளில் இத்தகையோருட் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையிற் பணியேற்ற லூட்விக் குட்மன், நோயாளரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் போன்ற எளிய ஒழுங்குகளால் அவர்களை வாழவைத்தார். 1948இல் விளையாட்டுப் போட்டிகளிலும் இறக்கினார். கடற்படைத் தேர்வொன்றில் வீழ்ந்து கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் தமிழகத்தின் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார்.

ஆராய்ச்சியும் ஓய்ந்திருக்கவில்லை. 2018இற் சுவிற்சர்லாந்து அறிஞர் முண்ணாணின்மேற் பொருத்திய மின்வாய்களால் மூவரை நடக்கச் செய்தனர். ஆயின், மின்னோட்டம் மட்டும் அவர்களை நடத்திவிடவில்லை. மாதக்கணக்கான பயிற்சியும் வேண்டியிருந்தது. தசையும் மூட்டும் சீர்கெட்ட உடலுக்கு நாளைய மருந்தும் பெரும்பயன் தராது. ஆகவே, புனர்வாழ்வு என்பது விஞ்ஞானம் கைவிட்டோருக்கான ஆறுதலன்று. அவ்விஞ்ஞானம் வந்து காலூன்றும் நிலமே அதுவாகும்.

இக்கரையோரத்துக்கு அந்நிலம் எட்டாத் தொலைவிலில்லை. புத்தளம் புகையிரதப் பாதை பிரதான பாதையோடு இணையும் றாகமையிற் புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. ஆனால், அங்கே பளிங்குத் தரையிற் பழகிய சக்கர நாற்காலி, கண்டக்குழி மணலிற் புதைகிறது. வைத்தியசாலையில் மீண்ட மனிதன் வாசற்படியில் மீண்டும் முடவனாகிறான். மணலில் உருளும் அகன்ற சில்லு, வீட்டுக்கொரு சாய்தளம், இருந்தவாறே செய்யத்தக்க வலை பின்னல் போன்ற தொழில்: இவற்றை ஆக்கித் தருவது வைத்தியரின் கடன் மட்டுமன்று. பொறியியலும் சமூகவியலும் பயில்வோர் அம்மணலிற் கால்பதித்துச் சிந்திக்க வேண்டிய பணி அது.