தலைக்கு எவ்வளவு?



பேரையூரில் எனக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் ஒரு கொத்தனார் குடும்பம் பல்லாண்டுகளாகக் குடியிருந்து வருகிறது. சென்ற ஆண்டு கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். பீகாரிலிருந்து வந்துள்ள 12 தொழிலாளர்களை அங்கே தங்கவைக்க விரும்புவதாகவும், தலைக்கு இவ்வளவு என்று வாடகை தருவதாகவும் கூறினார். கணக்கிட்டுப் பார்த்தேன். கொத்தனார் தருவதைப்போல் மும்மடங்கு! ஆசை யாரை விட்டது? வீட்டைக் காலி செய்யுமாறு கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

“ஹஜ்ரத்! அவர்கள் வந்து என் கூலியைக் குறைத்தார்கள். இப்போது குடியிருக்கும் வீட்டையும் பறிக்கிறார்களே!” என்று அவர் கலங்கினார். பறித்தது அவர்களா, நானா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் மச்சான் ரியாதில் 15 ஆண்டுகள் உழைத்தவர். ஓர் அறையில் பத்துப் பேர். ஒரே வேலைக்கு நாட்டுக்கொரு சம்பளம். பாஸ்போர்ட்டோ கஃபீலின் கையில். அயலார் மலிவாகக் கிடைப்பதால் தம் பிள்ளைகளுக்கு வேலை இல்லையென அந்நாட்டவர் குறைபட்டனர். 2011-இல் சவூதி அரசு ‘நிதாகத்’ திட்டத்தைக் கொண்டுவந்து, தனியார் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் உள்நாட்டவரை அமர்த்த வேண்டுமென விதித்தது. 2013-இல் சோதனைகள் கடுமையாயின. மச்சான் பெட்டியோடு ஊர் திரும்பினார். அந்நாட்டவரின் குறையும் எங்கள் கொத்தனாரின் குறையும் ஒன்றேயல்லவா?

சற்றுச் சிந்தியுங்கள்! வெளியூரார் வந்துவிட்டதால் மட்டும் கூலி குறைந்துவிடாது. அவரிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்க முடிவதால்தான் குறைகிறது. முன்பணக் கடன் ஒருபுறம், மொழி தெரியாமை மறுபுறம். படுக்கும் இடமும் ஒப்பந்தக்காரர் தயவில். அவர் எப்படி வாய் திறப்பார்? 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒரே வேலைக்கு உள்ளூராருக்குச் சமமான கூலியும் தகுந்த தங்குமிடமும் தர வேண்டுமென விதித்தது. கூலி சமமானால், உள்ளூர்க் கொத்தனாரை ஒதுக்குவதில் யாருக்கு என்ன இலாபம்?

மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். வந்தவரோ, கடைத்தெருவுக்கு வழி காட்டினால் போதும் என்றார்கள். இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பிக்கும் நான், வாடகைக் கணக்கில் மறந்துபோனேன்!

கொத்தனார் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்தப் 12 பேரோ, கட்டி முடியாத கட்டடத்திலேயே படுத்துறங்கினார்கள். அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

சபுராளி வீட்டாரே! வளைகுடாப் பணத்தில் மாடி கட்டும்போது ஒப்பந்தக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உள்ளூராருக்குரிய கூலி அந்தத் தொழிலாளர்களின் கையில் சேருகிறதா? இரவில் அவர்கள் எங்கே உறங்குகிறார்கள்?