துணி துவைத்தவர் பாடிய பாட்டு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

ஸ்பெயினில் ரமோன் மெனெந்தெஸ் பிதால் என்று ஓர் அறிஞர் இருந்தார். 1869-இல் பிறந்தவர். 1968-இல், நூறு வயதுக்கு நான்கு மாதம் இருக்கும்போது மறைந்தார். அந்த நாட்டின் இடைக்கால இலக்கியம் என்று பேச்செடுத்தால் அவர் பெயரைச் சொல்லாமல் முடியாது. ஓய்வு பெற்ற பிறகு வாய்மொழிப் பாடல்களைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் அவரைத் தெரிந்துகொண்டேன். முப்பத்து நான்கு வருடம் தமிழ் நடத்தியவனுக்கு இது தாமதம்தான்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 'சித்' காவியம். எல் சித் என்ற வீரன் மன்னனால் நாடு கடத்தப்பட்டுப் பின் வென்று நிமிரும் கதை. ஏறத்தாழ 3,700 அடிகள். மொத்தமாக ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. அதிலும் முதல் ஏடு இல்லை. மங்கிய எழுத்தைப் படிப்பதற்காக முன்னே பார்த்தவர்கள் ரசாயனம் தடவினார்கள், இவரும் தடவினார். அந்த இடங்களெல்லாம் இன்று கறுத்துக் கிடக்கின்றன. இப்போது எந்த நூலகமும் அதற்குச் சம்மதிக்காது.

கடைசியில் எழுதியிருக்கும் ஆண்டைக் கணக்குப் போட்டால் 1207 வருகிறது. ரோமன் எண்ணுக்கு நடுவே ஓர் இடைவெளி. அங்கே ஓர் எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள், ஆகவே பிரதி 1307-ஐச் சேர்ந்தது. காவியமோ 1140-ஐ ஒட்டிப் பிறந்தது என்று பிதால் சாதித்தார். பின்னால் வந்தவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. ஆனாலும் 1908 முதல் 1911 வரை மூன்று தொகுதிகளாக அவர் கொண்டுவந்த பதிப்பைத் தொடாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது.

நான் சொல்ல வந்தது காவியத்தைப் பற்றி அல்ல.

1900 மே மாதம் அவருக்கும் மரியா கோய்ரிக்கும் திருமணம். மரியா அப்போதே பட்டதாரி. மத்ரித் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, நடைபாதையில் நிற்கக் கூடாது, பேராசிரியரோடுதான் வகுப்புக்குள் வர வேண்டும் என்று அவருக்கு நிபந்தனை. அதற்கெல்லாம் உட்பட்டு 1896-இல் பட்டம் வாங்கினார். இந்தத் தம்பதி தேனிலவுக்குப் போனது எங்கே தெரியுமா? எல் சித் நாடு கடத்தப்பட்டுப் போன வழியில்!

ஒஸ்மா என்ற ஊரில் சூரிய கிரகணம் பார்ப்பதற்காகக் கூடுதலாகத் தங்கினார்கள். அங்கே துணி துவைக்கும் ஒரு பெண்ணிடம் மரியா பேச்சுக் கொடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரு கதைப்பாட்டைச் சொல்லிக் காட்டினார். எனக்கும் தெரியுமே என்று அந்தப் பெண் பாட ஆரம்பித்தார். ஒன்று முடிந்தால் இன்னொன்று. அதில் ஒன்று மரியாவுக்குப் பொறி தட்டியது. இசபெல்லா அரசியின் மகன் இளவரசர் ஹுவான் 1497-இல், 19 வயதில் இறந்துபோனார். அந்தச் சாவைப் பற்றிய பாட்டு அது. காஸ்தீல் பகுதியில் பழைய கதைப்பாட்டுகள் மக்கள் வாயிலிருந்து மறைந்துவிட்டன என்று படித்தவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். நானூறு வருடம் ஏட்டைத் தொடாமல் வாயிலேயே வந்திருக்கிறது!

அதன்பின் இருவருக்கும் வாழ்நாள் வேலை அதுதான். எந்தெந்தப் பாட்டைத் தேட வேண்டும் என்று சேகரிப்பவர்களுக்கு வழிகாட்டிப் பட்டியல் எழுதியது மரியா. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களும் அதே கதைப்பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவற்றையும் சேர்த்தார்கள். 1920-இல் கிரனாதாவில் பிதாலைப் பாட்டுப் பாடும் ஜிப்ஸிகளிடம் கூட்டிக்கொண்டு போன இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற லோர்கா.

பதவிகள் எல்லாம் பிதாலுக்கு வந்தன. வரலாற்று ஆய்வு மையத்தின் தலைவர், ஸ்பானிய மொழி அகாதெமிக்கு இரண்டு முறை இயக்குநர். உள்நாட்டுப் போரில் நாட்டைவிட்டுப் போய் 1939-இல் திரும்பியபோது அந்த மையம் கலைக்கப்பட்டிருந்தது. மனிதர் வீட்டில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

1989-இல் எம்.ஃபில்.லுக்காகக் கம்பம் பக்கத்துத் தாலாட்டுகளைச் சேகரித்தேன். டேப் ரெக்கார்டரோடு நான் போய் உட்கார்ந்தால் எந்த அம்மாவும் வாய் திறக்கவில்லை. 'சார் முன்னாடியா?' என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். என் மனைவி ஞாயிறுதோறும் கூட வந்தாள். அவளும் ஆசிரியைதான். கடலை உரித்துக்கொண்டே முதலில் அவள் ஒரு பாட்டை எடுத்துவிடுவாள், மற்றவர்கள் தொடர்வார்கள். நான் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். இரவில் கேசட்டைக் கேட்டு எழுதியதும் அவள்தான். ஆய்வேட்டின் நன்றியுரையில் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரு பத்தி, தட்டச்சு செய்தவருக்குப் பெயரோடு ஒரு வரி. கடைசியில் 'என் துணைவியாருக்கும்' என்று ஒரு சொல். பெயர் இல்லை.

பிதாலும் மரியாவும் சேர்த்த பாட்டுகளின் பெருந்தொகுப்பில் முதல் தொகுதி 1957-இல்தான் வந்தது. முகப்பில் தொகுத்தவர்கள் பெயராக 'மரியா கோய்ரி, ரமோன் மெனெந்தெஸ் பிதால்' என்று இருக்கிறது. அவர் பெயர் முதலில். ஆனால் அதைப் பார்க்க மரியா இல்லை. 1954-இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்றுக் காலை ஆய்வேட்டை எடுத்துத் தூசி தட்டினேன். முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே பேனாவால் அவள் பெயரை எழுதி, சமையலறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினாள்.

"நாப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல ரெண்டு அடி மாறிக் கிடக்குன்னு அப்பவே சொன்னேன். இன்னும் திருத்தலையா நீங்க?" என்றாள்.